பயிற்றுவிப்போர்க்கும் பயிற்சி வேண்டும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

‘பயிற்சி’ என்னும் சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம். தட்டச்சுப் பயிற்சி, கணிப்பொறிப் பயிற்சி, நேர்முகத் தேர்வுப் பயிற்சி என்று சுவரெங்கும் விளம்பரங்கள். பயிற்சி பெற வருகிறவனின் வயது என்ன, கல்வித் தகுதி என்ன, கட்டணம் செலுத்தினானா என்றெல்லாம் கேட்கிறார்கள். ஆனால் பயிற்சி தருகிறவர் அதை எங்கே கற்றார், எத்தனை நாள் கற்றார் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்காதவனாகவே இருந்தேன். சென்ற ஆடி மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகே கேட்கத் தொடங்கினேன். அந்தக் கேள்வியின் விளைவே இக்கட்டுரை.

எங்கள் வீடு திருவான்மியூரில், மருந்தீசுவரர் கோயிலிலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு சந்துக்குள் இருக்கிறது. தந்தையார் கொத்தனார். தாயார் நான்கு அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. அண்ணன் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, வீடுகளில் ஆர்.ஓ. குடிநீர்க் கருவி பழுது பார்க்கும் வேலைக்குப் போனான். ஐந்து ஆண்டுகளில் ஆறு பையன்களுக்கு மேற்பார்வையாளன் ஆனான். புதுப் பையன்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பதும் அவன் பொறுப்பு. அவனுக்கு வேலை நன்றாகத் தெரியும். சொல்லிக்கொடுக்கத்தான் வரவில்லை.

அந்த வேளையில் அவன் கைபேசிக்கு ஓர் அறிவிப்பு வந்தது. இரண்டே நாள் வகுப்பில் ‘பிசினஸ் கோச்’ ஆகலாம், உலகத் தரமான சான்றிதழ் உண்டு, கட்டணம் 15,000 ரூபாய் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அம்மா அதை என்னிடம் கொண்டுவந்தார்.

“நீதானேடா படிச்சவன். பாத்துச் சொல்லு.”

படித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை. வெளிநாட்டுப் பெயர்கள் நாலைந்து இருந்தன. “நல்லாத்தான்மா இருக்கு” என்று சொல்லிவிட்டேன். அம்மா ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துப் பணத்தைக் கொடுத்தார்.

வகுப்பு ஒரு மண்டபத்தில் நடந்தது. ஏறத்தாழ 120 பேர். பாட்டு, கைதட்டல், பக்கத்தில் இருப்பவரைக் கட்டித் தழுவுதல். இரண்டாம் நாள் மாலை பொன்னிற முத்திரையிட்ட சான்றிதழ். திங்கட்கிழமை அண்ணன் தன் பையன்களிடம் திரும்பிப் போனான், முன்போலவே கத்தினான். இரண்டு வாரத்தில் ஒரு பையன் நின்றுவிட்டான். இன்னொருவன் வடிகட்டியைச் சரியாகப் பொருத்தாமல் வந்ததால் ஒரு வீட்டின் சமையலறை முழுவதும் தண்ணீர். அதற்காக அண்ணனின் சம்பளத்தில் 2,400 ரூபாய் பிடித்தார்கள். அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகவே, நான் ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொன்ன பொருள் உண்மையில் யாது என அறிய, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குச் சனிக்கிழமைதோறும் போகலானேன்.

கோச்சு வண்டியும் கோச்சும்

நம் பாட்டனார் காலத்தில் ‘கோச்சு’ என்றால் குதிரை பூட்டிய பெட்டி வண்டி. அச்சொல்லின் ஊர் அங்கேரி நாட்டிலுள்ள கோச் என்னும் சிற்றூர். அவ்வூரில் செய்த வண்டிகள் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றன. ஊர்ப்பெயரே வண்டிக்குப் பெயராயிற்று. 1830-ஆம் ஆண்டையொட்டி ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தேர்வில் தங்களைக் கரை சேர்க்கும் தனி ஆசிரியரை வேடிக்கையாகக் ‘கோச்’ என்றனர். வண்டி போலச் சுமந்து செல்கிறவர் என்பது கருத்து. பின்னர் அது விளையாட்டுக்குப் போயிற்று. விளையாட்டிலிருந்து வணிகத்துக்கு வந்தது.

வணிகத்துக்கு வந்த வழி சுவையானது. திமத்தி கால்வே என்னும் அமெரிக்க டென்னிஸ் ஆசிரியர், தாம் கட்டளைகளைக் குறைக்கக் குறைய மாணவர் நன்றாக ஆடுவதைக் கண்டார். ‘பந்தைப் பார், மணிக்கட்டை மடக்காதே’ என்று கத்துவதை விட்டு, ‘பந்து எழும்பும்போது எப்படிச் சுழல்கிறது?’ என்று கேட்டார். 1974-இல் அதை நூலாக எழுதினார். கார்ப் பந்தய வீரராக இருந்த இங்கிலாந்தின் ஜான் விட்மோர் அம்முறையை அலுவலகங்களுக்குக் கொண்டுவந்தார். அவருடைய நூல் 1992-இல் வெளியாயிற்று. அவர் பரப்பிய முறையில் நான்கு கேள்விகள் உள்ளன. உன் நோக்கம் என்ன? இப்போது நிலை என்ன? என்னென்ன வழிகள் உள்ளன? எதைச் செய்யப் போகிறாய், எப்போது?

இதிலிருந்து ஒரு வேறுபாடு விளங்கும். தெரியாததைச் சொல்லிக்கொடுப்பவர் பயிற்றுநர். தெரிந்தவன் தானே வழி கண்டுபிடிக்கும்படி கேள்வி கேட்டு உடன் நிற்பவர் கோச். என் அண்ணனுக்கு வேண்டியிருந்தது முதலாவது. அவன் பணம் கட்டியது இரண்டாவதற்கு. வாங்கி வந்ததோ இரண்டும் இல்லை.

அறுபது மணியும் நூறு மணியும்

நம் நாட்டில் மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ தொழில் செய்யச் சட்டப்படி பதிவு வேண்டும். கோச்சுக்கு அப்படி எதுவும் இல்லை. இன்று காலை ஒருவர் தம் வீட்டு வாசலில் பலகை மாட்டிக்கொண்டால் மாலையில் அவர் கோச்சுதான். சட்டம் இல்லாத இடத்தில் சங்கங்கள் தாமே அளவுகோல் வகுத்துக்கொண்டன. அவற்றுள் பெரியது 1995-இல் அமெரிக்காவில் தோன்றிய பன்னாட்டுக் கோச்சிங் கூட்டமைப்பு.

அக்கூட்டமைப்பு மூன்று படிகளில் சான்று வழங்குகிறது. முதற்படிக்கு 60 மணி நேரக் கல்வியும், உண்மையான நபர்களுக்கு 100 மணி நேரம் பயிற்சியளித்த அனுபவமும் வேண்டும். இரண்டாம் படிக்கு 125 மணி நேரக் கல்வி, 500 மணி நேர அனுபவம். மூன்றாம் படிக்கு 200 மணியும் 2,500 மணியும். சான்று மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். அதற்குள் மேலும் 40 மணி நேரம் கற்றால்தான் புதுப்பிப்பார்கள்.

அண்ணனின் வகுப்பு, தேநீர் இடைவேளையையும் கைதட்டலையும் சேர்த்தாலும், 16 மணி நேரத்துக்கு மேல் இராது.

எனினும் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது இம்மணிக் கணக்கு அன்று. முதற்படிக்கே இன்னொரு விதி உண்டு. அனுபவமுள்ள ஒருவர், பயில்கிறவர் பயிற்சி நடத்தும் விதத்தைக் கேட்டு, இங்கே நீ அவரைப் பேசவிடவில்லை, இங்கே விடையை நீயே சொல்லிவிட்டாய் என்று குறை காட்ட வேண்டும். இது 10 மணி நேரம் நடக்க வேண்டும். அதுவும் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் பரவி நடக்க வேண்டும். மூன்று மாதம் எதற்கு? காட்டிய குறையைத் திருத்திக்கொண்டு, அடுத்த முறை வேறு குறையோடு வருவதற்கு. எங்கள் வேதியியல் செய்முறை வகுப்பில் பிப்பெட்டைப் பிடிக்கும் விதத்தை ஆசிரியர் வாரந்தோறும் அருகில் நின்று பார்க்கிறாரே, அதுபோலத்தான். 120 பேர் இருந்த மண்டபத்தில் என் அண்ணன் கற்பிப்பதை ஒருவரும் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

இக்கூட்டமைப்பும் அரசு நிறுவனம் அன்று. கட்டணம் வாங்கும் தனியார் சங்கமே. அதன் சான்று இருந்தால் நல்லவர், இல்லாவிட்டால் அல்லர் என்று நான் சொல்லவில்லை. சென்னையிலேயே கணேஷ் செல்லா முதலியோர் தொடங்கிய கோச்சிங் பவுண்டேஷன் இந்தியா போன்ற அமைப்புகள் மேலாளர்களை இத்தொழிலுக்குப் பயிற்றியுள்ளன. இவை எல்லாம் பெரும்பாலும் பெரிய பதவியில் இருப்போர்க்கானவை. ஆறு பையன்களை வைத்து வேலை வாங்குகிறவனுக்கு எங்கே போவது?

நம் பக்கத்திலேயே இருப்பவை

இவ்விடத்தில் ஒரு வியப்பு. கற்பிப்போரைப் பயிற்றும் நிறுவனங்கள் எங்கள் வீட்டைச் சுற்றியே இருக்கின்றன. நான் நாள்தோறும் பேருந்தில் கடந்து போயிருக்கிறேன். தரமணியில் 1964-இல் தொடங்கிய தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம், பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்குக் கற்பிக்கக் கற்றுத் தருகிறது. இப்போது அது தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். கிண்டியிலோ ஐ.டி.ஐ. பயிற்றுநர்களை உருவாக்கும் மைய அரசு நிறுவனம் இருக்கிறது. பிட்டரோ வெல்டரோ, தன் தொழிலில் தேறியவன்கூட அதைப் பிறர்க்குச் சொல்லித்தர ஓராண்டு படிக்கிறான்.

திருவான்மியூரில் பிறந்தவன் கலாக்ஷேத்திராவைச் சொல்லாமல் விடலாமா? ருக்மிணி தேவி 1936-இல் தொடங்கிய அப்பள்ளி 1962-இல் எங்கள் ஊருக்கு வந்தது. அங்கே பட்டயம் பெறவே நான்கு ஆண்டு. அங்குப் படித்தவர்கள் பல நாடுகளில் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். அடவு தவறினால் தட்டுக்கழி நிற்கும். மறுபடி தொடங்க வேண்டும். நான்கு ஆண்டையும் இரண்டு நாளையும் அருகருகே வைத்துப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது.

வணிகத் துறையிலும் நம் நாட்டில் இச்சிந்தனை புதிதன்று. 1964-இல் டேவிட் மெக்கிளெலண்ட் என்னும் உளவியல் அறிஞரின் திட்டத்தில் காக்கிநாடாவைச் சேர்ந்த சிறு வணிகர்களுக்கு ஐதராபாத்தில் பத்து நாள் பயிற்சி தந்து, பின்னர் அவர்கள் தொழில் என்ன ஆயிற்று என்று தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ரால்ஃப் லிண்டனும் உதய் பரீக்கும் பயிற்சித் துறைக்கென்றே 1967-இல் நூல் எழுதினர். பயிற்றுநர்களுக்கான இந்தியச் சங்கம் 1970-இல் தோன்றி, பட்டயப் படிப்பும் நடத்திவருகிறது. ‘பின்னர் என்ன ஆயிற்று’ என்று பார்ப்பதுதான் இதில் உயிர்நாடி என்பேன். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இலேயே இதைப் படிப்படியாக வகுத்துவிட்டார். வகுப்பு பிடித்திருந்ததா என்பது முதற்படி. எதையேனும் கற்றானா என்பது இரண்டாவது. வேலைக்குத் திரும்பியபின் நடத்தை மாறிற்றா என்பது மூன்றாவது. அதனால் தொழிலில் பயன் விளைந்ததா என்பது நான்காவது. அண்ணனிடம் இரண்டாம் நாள் மாலை ஒரு தாள் கொடுத்து ‘மிக நன்று’ என்று குறியிடச் சொன்னார்கள். முதற்படியோடு கடை கட்டியாயிற்று.

போர்க்காலத்தில் பிறந்த நான்கு படிகள்

நூலகத்தில் நான் தேடியது கடைசியில் ஒரு பழைய திட்டத்தில் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தேர்ந்த தொழிலாளர் பலர் போர்முனைக்குப் போய்விட, வேலை அறியாத புதியவர்கள் வந்து குவிந்தனர். அவர்களுக்குக் கற்பிக்க வேண்டிய மேற்பார்வையாளர்களோ, என் அண்ணனைப் போல, வேலை தெரிந்தவர்கள், சொல்லத் தெரியாதவர்கள். அவர்களுக்காக 1940-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ. என்பார்கள். 1945-இல் முடிவதற்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சான்று பெற்றனர். போருக்குப் பின் ஜப்பான் அதை எடுத்துக்கொண்டது. டொயோட்டா தொழிற்சாலைப் பயிற்சியின் வேர் அதில் இருக்கிறது.

அதன் ‘வேலை கற்பித்தல்’ பகுதி, இரண்டு மணி வீதம் ஐந்து அமர்வு; பத்துப் பத்துப் பேராக. மொத்தம் 10 மணிதான். அண்ணனின் வகுப்பைவிடக் குறைவு! ஆனால் அந்தப் பத்துப் பேரும் தத்தம் தொழிற்சாலை வேலை ஒன்றை எடுத்து வந்து, மற்றவர் முன் உண்மையாகவே ஒருவருக்குக் கற்பித்துக் காட்ட வேண்டும். குறை கேட்க வேண்டும். அமர்வு நடத்துவோருக்கும் தனிப் பயிற்சி. அவர்களைப் பயிற்றுவோருக்கும் தனிப் பயிற்சி.

முதல் அமர்வில் ஒரு வேடிக்கை செய்வார்கள். மின்விளக்குக் கம்பியில் போடும் ஒரு முடிச்சை வாயால் மட்டும் சொல்லிப் போடச் சொல்வார்கள், யாராலும் முடியாது. பிறகு பேசாமல் செய்து மட்டும் காட்டுவார்கள், அப்போதும் முடியாது. அதன் பின்பே முறையாகக் கற்பிப்பார்கள். நான் இதை அண்ணனிடம் செய்து பார்த்தேன். “இடது கம்பியை வலது கம்பிக்கு முன்னால வளைச்சு…” என்று படித்தேன். மூன்று முறை முயன்றுவிட்டுக் கம்பியை என் மடியில் எறிந்தான். “நீ சொல்றது ஒண்ணும் புரியலடா.”

“உன் பசங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்” என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். அன்று இரவு அவன் என்னோடு பேசவில்லை. மறுநாள் அவனே வந்து, “அந்த நாலு படி என்னன்னு சொல்லு” என்றான்.

முதலாவது, கற்க வருகிறவனின் அச்சம் போக்கி, அவனுக்கு முன்பே என்ன தெரியும் என்று கேட்டறிதல். இரண்டாவது, வேலையை ஒவ்வொரு கட்டமாகச் சொல்லியும் காட்டியும், முக்கியக் குறிப்புகளை அழுத்திச் சொல்லுதல். அவன் தாங்குமளவே சொல்லுதல். மூன்றாவது, அவனையே செய்யச் சொல்லுதல். மறுமுறை செய்யும்போது முக்கியக் குறிப்புகளை அவன் வாயாலேயே சொல்லவைத்தல். நான்காவது, தனியே விட்டு, ஐயம் வந்தால் யாரைக் கேட்பது என்று சொல்லி, அடிக்கடி போய்ப் பார்த்து, பிறகு மெல்ல விலகுதல். பையன் கற்கவில்லை என்றால் குறை கற்பித்தவனுடையது என்பதே அத்திட்டத்தின் அடிப்படை.

நன்னூல் பாயிரம் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆசிரியர் ஆகாதவர்க்குப் பவணந்தியார் காட்டும் உவமைகளைப் பாருங்கள். போட்ட வரிசையின்றிக் காய்களைக் கொட்டும் கழற்குடம். ஏறவிடாமல், தானாக விழுந்தால் மட்டும் பழம் தரும் மடற்பனை. அடைக்கவும் எடுக்கவும் பாடாயிருக்கும் பருத்திக் குண்டிகை. வளர்த்தவனை விட்டு அடுத்த வீட்டில் காய் உதிர்க்கும் முடத்தெங்கு. என் அண்ணன் கழற்குடம். எல்லாம் உள்ளே உண்டு, வரிசைதான் இல்லை. ஆசிரியரிடம் கேட்பதால் கால் பங்கும், உடன் பயில்வோரோடு பழகுவதால் கால் பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் மீதி அரைப் பங்கும் புலமை வாய்க்கும் என்றும் அந்நூல் கணக்குச் சொல்கிறது. மண்டபத்து வகுப்பில் கிடைத்தது, நல்லெண்ணத்தோடு பார்த்தாலும், முதற் காலில் ஒரு சிறு துண்டு.

மொட்டைமாடியில் நடந்த பாடம்

வடிகட்டி மாற்றும் வேலையை எடுத்துக்கொண்டோம். நான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அவன் ஒரு பழைய கருவியை வைத்துச் செய்துகொண்டே போனான். ஒவ்வொரு கட்டத்திலும் ‘ஏன்?’ என்று நிறுத்தினேன். பிளக்கைப் பிடுங்கு, தண்ணீர்க் குழாயை மூடு. ஏன்? பிறகு உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் திறந்துவிடு. இல்லாவிட்டால் கிண்ணம் திருகாது. கீழே வாளி வை. பழைய வடிகட்டியை எடு. புதியதன் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்று (இதை மறப்பவர்கள் உண்டாம்). கிண்ணத்தைக் கையால் திருகு. கடைசித் துளி மட்டும் ஸ்பேனர். அதிகம் முறுக்கினால் கிண்ணம் விரியும்.

“நடுவுல விரலால எதையோ தடவுனியே, அது என்ன?” என்று கேட்டேன்.

“எதை?”

“கிண்ணத்தோட விளிம்புல.”

அவன் தன் விரலைப் பார்த்தான். “அது ஓரிங்ப்பா. பள்ளத்துல சரியா உக்காந்திருக்கா, மணல் முடி ஏதாச்சும் இருக்கான்னு பாக்குறது.”

“இதைப் பசங்களுக்குச் சொல்லியிருக்கியா?”

நெடுநேரம் பேசாமல் இருந்தான். சமையலறை முழுக்கத் தண்ணீரானதற்கு அந்த ரப்பர் வளையமே காரணம். ஐந்து ஆண்டுகளாக அவன் கை அதைச் செய்துகொண்டிருந்தது. அவன் வாய் ஒரு நாளும் சொன்னதில்லை. டி.டபிள்யூ.ஐ. நூல்கள் ‘முக்கியக் குறிப்பு’ என்பது இதைத்தான். தேர்ந்தவனுக்கு அது கண்ணில் படாது. பக்கத்தில் ஒரு தெரியாதவன் உட்கார்ந்து கேட்டால்தான் வெளியே வரும்.

தை மாதம் முதல் அவன் இம்முறையில் நான்கு பையன்களுக்குக் கற்பித்திருக்கிறான். எல்லாம் செம்மையாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு பையன் எதைக் கேட்டாலும் “புரிஞ்சுதுண்ணா” என்பான், வேலையில் தவறுவான். முதற்படியை ஒழுங்காகச் செய்தபோதுதான் தெரிந்தது: அவன் ஒடிசாவிலிருந்து வந்து மூன்று மாதமாகிறது, அவனுக்குத் தெரிந்த தமிழே அந்தச் சொல்தான். அவனுக்கு அண்ணன் பேச்சைக் குறைத்து, செய்யவிட்டு, விரலால் காட்டினான். ஓரிங்கைத் தடவும்போது ஒடியா மொழியில் என்ன சொல்வது என்று அவனிடமே கேட்டுக் கற்றுக்கொண்டான். பங்குனி முடிய ஒழுகல் புகார் ஒன்றே ஒன்று வந்தது. அதுவும் அண்ணன் தானே போய்ப் பொருத்திய வீட்டிலிருந்து. அவசரத்தில் விட்டுவிட்டானாம்.

தந்தையார் இதையெல்லாம் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “நாங்க சித்தாளுக்கு ஒரு வருஷம் கலவை போடவிட்டு, ரசமட்டத்தைக் கையில குடுக்கவே மாட்டோம்” என்றார். பெருமையாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

சான்றிதழ் இன்னும் கூடத்துச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. சீட்டுக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி. சென்ற வாரம் அண்ணனின் கைபேசிக்கு மற்றோர் அறிவிப்பு வந்தது. இம்முறை 22,000 ரூபாய், மூன்று நாள். அம்மா மறுபடி என்னிடம் கொண்டுவந்தார். நான் ஆங்கிலத்தைப் படித்துச் சொல்லவில்லை. ஒரு தாளில் தமிழில் நான்கு கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? நான் கற்பிப்பதை யார் நேரில் பார்த்துக் குறை சொல்வார்? எத்தனை முறை? மூன்று மாதம் கழித்து என் வேலை எப்படி இருக்கிறது என்று யார் வந்து பார்ப்பார்?

அண்ணன் என் எதிரிலேயே தொலைபேசியில் கேட்டான். முதற் கேள்விக்கு இருநூறு என்று பதில் வந்தது. இரண்டாவதைக் கேட்டதும், நேரில் வாருங்கள், உட்கார்ந்து பேசலாம் என்றார்கள். அண்ணன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.